24 அறை, 23 கல்: ஒரு தாதுப் பெட்டி பற்றி

யாழ்ப்பாண நகரத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடை ஒன்றில் சொல்லி வைத்து இந்தத் தாதுக்கல் பெட்டியை எடுப்பித்தேன். விலை 14,500 ரூபா. உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிற வேறு ஆசிரியர்கள் "வாங்கலாமோ?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். கற்கள் நல்லவை. ஆனால் பெட்டியோடு வரும் கைநூலை அப்படியே நம்பிப் படிப்பிக்க வேண்டாம். யுரேனியம் பற்றிய பக்கத்தை மாணவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இப்படி ஒரு பெட்டி எங்களுக்கு ஏன் தேவை என்பது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினாலும் அதுதான், அத்திவாரம் வெட்டினாலும் அதுதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை ஓடியதும் அந்தக் கல்லை நம்பித்தான். உலோகத் தாது என்று கையில் எடுத்துக் காட்ட இங்கே மண்ணில் ஒன்றும் இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைகள் இரும்புத் தாதான ஹேமடைற்றின் சூத்திரத்தைப் பாடமாக்குகிறார்கள், ஊதுலையின் படத்தை வடிவாகக் கீறுகிறார்கள், ஆனால் ஹேமடைற் என்ன நிறம் என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அந்த ஊதுலைக்குள் கற்கரியோடு போடுகிற சுண்ணாம்புக்கல் தங்கள் வளவில் கிடக்கிற அதே கல்தான் என்பதும் பலருக்கு மனதில் பொருந்துவதில்லை. அது சூட்டில் பிரிந்து, தாதோடு வந்த மணலைப் பிடித்துக் கசடாக்கி, இரும்பின் மேல் மிதக்க விடுகிறது. கழிவைப் பிரிக்கிற வேலை அதனுடையது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் வேறென்ன வேண்டும்?

சரி, பெட்டிக்கு வருவோம். நல்ல கனமான மரப்பெட்டி, உள்ளே 24 அறைகள். 23 அறைகளில் கல் இருக்கிறது. யுரேனியத்துக்கு ஒதுக்கிய அறையில் கல் இல்லை, ஒரு படஅட்டை மட்டும். அதைப் பற்றிப் பிறகு. ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் அடங்கும் அளவு. மலிவான பெட்டிகளில் வருவதுபோல நகத்தளவு துண்டுகள் இல்லை. ஹேமடைற், மக்னடைற் (இரண்டும் இரும்பு), பொக்சைற் (அலுமினியம்), கலீனா (ஈயம்), ஸ்பலரைற் (நாகம்), கசிட்டரைற் (வெள்ளீயம்), சல்கோபைரைற், மலக்கைற் (இரண்டும் செம்பு), பைரைற் என்று முக்கியமானவை எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு சிறிய காந்தம், ஓர் ஆணி, கல்லை உரசிப் பார்க்க மினுக்கம் பூசாத வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று.

இந்தப் பீங்கான் தட்டு ஒன்றுக்கே பெட்டியின் பாதி விலை கொடுக்கலாம் என்பேன். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் தட்டார் உரைகல்லில் நகையை உரசிப் பார்ப்பதைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். அதே முறைதான் இது. ஹேமடைற் கையில் பார்க்கக் கறுப்பாக, இரும்புச் சாம்பல் நிறமாக இருக்கும். தட்டில் இழுத்தால் செங்கல் நிறக் கோடு விழும். மக்னடைற்றை இழுத்தால் கறுப்புக் கோடு. பொன் போல மின்னும் பைரைற்றை இழுத்தால் பச்சை கலந்த கறுப்பு, பொன்னின் சாயலே இல்லை. வெளித்தோற்றத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்கிற பழக்கம் அந்த ஒரு கோட்டில் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. பின்வாங்கில் இருக்கிற, கேள்வியே கேட்காத பெடியன்கள் கூட எழும்பி முன்னுக்கு வந்தார்கள்.

கலீனாவையும் பொக்சைற்றையும் இரண்டு கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரே அளவு கல், ஆனால் கலீனா கையைக் கீழே இழுக்கும். அதன் நிறையில் 86 வீதத்துக்கு மேல் ஈயம். பொக்சைற் மண்கட்டி போல இலேசாக, விரலில் செம்மண் ஒட்டும். அதிலிருந்து அலுமினியம் எடுப்பதுதான் கடினம். முதலில் எரிசோடாக் கரைசலில் கரைத்து அலுமினாவைப் பிரித்து, பிறகு உருகிய கிரயோலைற் என்ற கனியத்தில் கரைத்து மின்பகுக்க வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 13 முதல் 15 யூனிற் மின்சாரம் போகும். வீட்டு மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் சொன்னால், வெற்று அலுமினியப் பேணியை ஏன் மறுபடி உருக்குகிறார்கள் என்று நான் தனியாக விளக்கத் தேவையில்லை.

இனிக் குறைகள். எனக்கு வந்த பெட்டியில் பைரைற்றுக்கும் சல்கோபைரைற்றுக்கும் பெயர்ச்சீட்டு மாறி ஒட்டியிருந்தது. இரண்டும் மஞ்சள் மினுக்கம், உரைகோடும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பீங்கான் தட்டில் பிடிபடாது. ஆணியால் கீறினால் தெரியும். சல்கோபைரைற்றில் ஆணி கீறும், பைரைற்றில் கீறாது. ஒன்று செம்புத் தாது, மற்றது இரும்பும் கந்தகமும் மட்டும். இந்தச் சீட்டு மாற்றம் சின்ன விஷயம் இல்லை. படிப்பிக்கிறவர் கவனிக்காவிட்டால் ஒரு வகுப்பே பிழையாகப் படித்துவிட்டுப் போகும். சீட்டு ஒட்டிய பசையும் எங்கள் பங்குனி, சித்திரை வெயிலுக்கு நிற்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. நான் கல்லின் அடியில் சிறிய வெள்ளைப் பூச்சு வைத்து அதன்மேல் இலக்கம் எழுதிவிட்டேன்.

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்புப் பற்றியது. கைநூலில் எச்சரிக்கை என்று ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. முழுவதும் யுரேனியத்தைப் பற்றி. பெட்டியில் யுரேனியமே இல்லை! பெட்டியில் உண்மையாகவே இருக்கிற கலீனாவைப் பற்றி, அதாவது ஈயத் தாதைப் பற்றி, ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டு இடைவேளைக்குப் போய் றோல்ஸ் சாப்பிடுவார்கள். ஈயத்தூள் உடம்புக்குள் போவது, வளர்கிற பிள்ளைகளுக்கு நல்லதே இல்லை. ஆகவே கலீனாவைத் தூளாக்க விடாதீர்கள், பீங்கான் தட்டில் அதை ஆசிரியரே உரசிக் காட்டட்டும், வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். பெட்டி தயாரிக்கிறவர்கள் இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 24ஆவது அறை. யுரேனியத் தாதை அனுப்பாமல் விட்டது சரியான முடிவு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்களை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி கேட்கிறது. அப்படிப்பட்ட ஒரு கல்லை வகுப்பு அலுமாரியில் வைத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை. கல்லிலிருந்து ரேடன் என்ற கதிர்வீசும் வாயு கசிந்துகொண்டே இருக்கும். தூள் மூச்சோடு போனால் அதைவிடக் கேடு. எனக்குக் கோபம் வந்தது அங்கே வைத்திருந்த அட்டையைப் பார்த்துத்தான். பளிச்சென்ற பச்சை நிறத்தில் ஒளி வீசுகிற ஒரு கல்லைப் படம் போட்டு, கீழே "யுரேனியம், மிக ஆபத்தான உலோகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பாடத்தைக் கெடுக்க இது போதும்.

யுரேனியத்தின் முக்கிய தாது யுரேனினைற், அதன் ஒரு வகை பிச்பிளெண்ட். அது கறுப்பு. தார்க்கட்டி போன்ற மங்கிய மினுக்கம், தூக்கினால் பாரம். இருட்டில் ஒளிராது. யுரேனியத் தாதுகளில் மஞ்சளும் பச்சையும் உண்டுதான், ஓட்டுனைற் போன்றவை ஊதாக்கடந்த விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். ஆனால் விளக்கை அணைத்தால் அந்த ஒளியும் போய்விடும். அந்த ஒளிக்கும் கதிர்த்தொழிற்பாட்டுக்கும் தொடர்பில்லை. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது என்பதைத்தான் ஒரு பிள்ளை முதலில் படிக்க வேண்டும், அட்டை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

நான் அட்டையை எடுத்துவிட்டு அந்த அறைக்கு வேறொரு பாடத்தை வைத்தேன். ஒரு கிலோ சல்லிக்கல்லை மேசையில் கொட்டினேன். பக்கத்தில் 6 கிராம் செம்புக் கம்பித் துண்டுகள். இன்று உலகில் பல செம்புச் சுரங்கங்கள் தோண்டுகிற கல்லில் செம்பின் பங்கு ஒரு வீதத்துக்கும் கீழே, இந்த 6 கிராம் அளவில்தான் இருக்கிறது. மிச்சம் எல்லாம் கழிவு. பெட்டியில் இருக்கும் சல்கோபைரைற் துண்டில் மூன்றில் ஒரு பங்கு செம்பு. ஆனால் அது பொறுக்கி எடுத்த அழகான துண்டு, சுரங்கம் அப்படி இராது. கல்லை மாவாக அரைத்து, எண்ணெய்த்தன்மையான இரசாயனம் சேர்த்த தண்ணீரில் காற்றை ஊதி, நுரையோடு தாதை மேலே மிதக்க வைத்து வழித்தெடுத்த பிறகுதான் உலைக்கே போகும்.

யுரேனியத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் சிறியது. 0.1 வீதம் யுரேனியம் உள்ள கல் என்றால் சுரங்கம் வைக்கத் தகுந்த கல். என் ஒரு கிலோ சல்லியில் அது ஒரு கிராம். அந்த ஒரு கிராமிலும் அணுவுலையில் எளிதில் பிளவுபடுகிற யுரேனியம் 235 வெறும் 0.7 வீதம், அதாவது 7 மில்லிகிராம். விரல்நுனியை உப்பில் தொட்டு எடுத்துக் காட்டினேன், ஏறத்தாழ அவ்வளவுதான். மிச்சம் யுரேனியம் 238. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் சிகார் லேக் போன்ற சுரங்கங்களில் தாதின் செறிவு இதைவிட நூறு மடங்கு கூட, அங்கே வேலை பெரும்பாலும் தூரத்திலிருந்து இயந்திரங்களால்தான். நமீபியாவின் ரொசிங்கில் 0.1 வீதத்துக்கும் குறைவான கல்லை மலைமலையாகத் தோண்டுகிறார்கள்.

பிறகு அந்த ஒரு கிராமை எப்படி வெளியே எடுப்பது? கல்லை அரைத்து சல்பூரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். யுரேனியம் கரைந்து வரும். கல்லில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் அமிலம் வீணாகிவிடும், அப்போது காபனேற்றுக் கரைசல் பாவிப்பார்கள். (எங்கள் சுண்ணாம்புக்கல்லில் அமிலத்தை விட்டு நுரைக்கிறதைக் காட்டினால் ஏன் வீணாகும் என்பது உடனே விளங்கும்.) கரைசலிலிருந்து யுரேனியத்தை மட்டும் பிசினாலோ கரைப்பானாலோ பிரித்து, அமோனியா சேர்த்து வீழ்படிவாக்கி, உலர்த்தினால் கிடைப்பது செறிந்த யுரேனிய ஒட்சைட்டுத் தூள். கைநூலில் அதை மஞ்சள் தூளாகக் காட்டியிருக்கிறார்கள். கூடிய வெப்பத்தில் உலர்த்தினால் அது கரும்பச்சை, கறுப்பு என்று வரும். இதன் பிறகு அதைப் புளோரைட்டாக மாற்றி வாயு நிலையில் யுரேனியம் 235இன் பங்கை 3 முதல் 5 வீதம் வரை கூட்டி, எரிபொருள் வில்லைகளாக்குகிறார்கள். 1000 மெகாவாற் அணுவுலை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 தொன் இயற்கை யுரேனியம் வேண்டும். 0.1 வீதக் கல்லில் அது இரண்டு இலட்சம் தொன் கல். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளே கரும்பலகையில் செய்தார்கள்.

தோண்டாமலே எடுக்கிற முறையும் உண்டு, இன்று உலக யுரேனியத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறது. உலகில் கூடுதலாக யுரேனியம் எடுக்கும் கசக்ஸ்தானில் நிலத்தடி மணற்கல்லுக்குள் குழாய்க்கிணறுகளால் அமிலக் கரைசலைச் செலுத்தி, யுரேனியம் கரைந்த நீரை வேறு கிணறுகளால் உறிஞ்சி எடுக்கிறார்கள். இதைச் சொன்னதும் சுன்னாகத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், அப்ப அங்க ஆக்கள் கிணத்துத் தண்ணி குடிக்கிறேல்லையோ?" கிணற்றுத் தண்ணீரில் வாழ்கிற ஊர்ப் பிள்ளைக்கு வரவேண்டிய கேள்வி அதுதான். மேலும் கீழும் களிமண் படை உள்ள, குடிக்க உதவாத நீர் இருக்கிற இடங்களைப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். செக் நாட்டின் ஸ்ட்ராஸ் என்ற இடத்தில் அமிலம் நிலத்தடி நீரில் பரவி, சுரங்கம் நின்ற பிறகும் பல தசாப்தங்களாக அதைச் சுத்தப்படுத்துகிறார்கள்.

பெட்டியில் நான் காணாத விஷயம் இந்தக் கழிவுதான். 23 அறையிலும் பயனுள்ள கல், எறிந்த கல்லுக்கு ஓர் அறை இல்லை. யுரேனியத்தில் இது மன்னிக்கக்கூடாத குறை. யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சேற்றில், தாதில் இருந்த கதிர்த்தொழிற்பாட்டில் ஏறத்தாழ 85 வீதம் அப்படியே நின்றுவிடும். தோரியம் 230, ரேடியம் 226 போன்ற கதிர்வீசும் மூலகங்கள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள். அதிலிருந்து ரேடன் வந்துகொண்டே இருக்கும்.

மேரி கியூரியின் கதையைக் கழிவிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறுகிறது. இன்றைய செக் நாட்டில் உள்ள பொகீமியாவின் யோகிம்ஸ்தால் சுரங்கத்தில் முதலில் வெள்ளி எடுத்தார்கள். பிறகு அங்கிருந்த கறுப்புக் கல்லிலிருந்து கண்ணாடிக்கு நிறம் கொடுக்க யுரேனியம் எடுத்து, மிச்சத்தை எறிந்தார்கள். எறிந்த அந்தக் கழிவைக் கியூரி தொன்கணக்கில் பாரிசுக்கு எடுப்பித்து, வெறும் கொட்டிலில் வைத்துக் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைட்டைப் பிரித்தார். பக்கத்தில், ஜேர்மனியின் சாக்சனியில் சினீபேர்க் சுரங்கத் தொழிலாளர் இளவயதில் நெஞ்சு நோயில் சாவது தலைமுறைகளாக நடந்தது. 1879இல் அது நுரையீரல் புற்றுநோய் என்று கண்டார்கள். காரணம் சுரங்கத்துக் காற்றில் இருந்த ரேடன் என்பது அதன் பிறகுதான் தெளிவானது. உலோகம் யாருடைய மூச்சில் வந்தது என்பதும் பாடத்தின் பகுதிதான். நான் அதை விட்டுவிட்டுப் படிப்பிக்க மாட்டேன்.

கைநூலில் இலங்கை என்ற சொல்லே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலித்தது. யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை எழுத்தாளராக எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் இலங்கைக் கனிய ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்தவர். 1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த கறுத்த, பாரமான சிறு கனசதுரக் கற்களை அவர் முதலில் யுரேனினைற் என்றே எடுத்தார். லண்டனில் டன்ஸ்ரன் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது, தோரியனைற் என்ற புதிய கனியம் ஆனது. அடுத்த ஆண்டே ஜேர்மன் இரசாயனவியலாளர் ஒட்டோ ஹான் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைக் கண்டார். பின்னாளில் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டு நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான். இதை நான் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இல்மனைற் இல்லாததும் பெரிய குறை. எங்கள் பாடத்திட்டத்திலேயே தைத்தேனியம் ஈரொட்சைட்டு இருக்கிறது, புல்மோட்டைக் கரையில் அதன் தாதான இல்மனைற் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் ஜீவனிப் பொதியளவில் கொஞ்சம் கொண்டுவந்து தந்தான். பெட்டியோடு வந்த காந்தம் அதைத் தூக்காது, அது வலுக்குறைந்தது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பலமான காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கிட்டக் கொண்டுபோனால் இல்மனைற் மட்டும் எழும்பி ஒட்டுகிறது, மணலில் உள்ள மற்றக் கனியங்களான சேர்க்கோனும் உருத்தைலும் கீழே நிற்கின்றன. புல்மோட்டை ஆலையில் பெரிய அளவில் நடக்கிற வேலையின் ஒரு படி இது. அதே மணலில் சிறிதளவு மொனசைற் என்ற கனியமும் உண்டு, அதற்குள் தோரியம். ஆகவே பையைக் கட்டி வைத்துத்தான் காட்டுகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: கடை மேசையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, மஞ்சள் கற்கள் இரண்டையும் ஆணியால் கீறிப் பார்த்துச் சீட்டைச் சரிபாருங்கள். உடைந்த கல் இருந்தால் அங்கேயே மாற்றித் தருகிறார்கள், எனக்கு மக்னடைற் ஒன்றை மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். தனியாளுக்கு 14,500 கூடுதல்தான். இரண்டு மூன்று கல்வி நிலையங்கள் சேர்ந்து எடுத்து மாறிமாறிப் பாவிக்கலாம், கற்கள் தேயப்போவதில்லை. சாதாரணதரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் ஹேமடைற், மக்னடைற், பொக்சைற், மலக்கைற் ஆகிய நான்கையும் பீங்கான் தட்டையும் தனியாகக் கேளுங்கள், அந்தக் கடை பிரித்தும் விற்கிறது. அடுத்த முறை எடுப்பிக்கும்போது கலீனாவை மூடிய கண்ணாடிப் போத்தலில் அனுப்பவும், யுரேனியம் அறைக்குக் கறுப்புப் பிச்பிளெண்டின் சரியான படத்தை வைக்கவும், இல்மனைற்றைச் சேர்க்கவும் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கேட்டால் கெதியாக நடக்கும்.